பள்ளிக்கூடத்தைக் குத்தகைக்கு விடலாமா?

நவரைக்கு நடவு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. தண்ணி கட்டுற வேலை மட்டும்தான், அதனால உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது. இந்தத் தடவை நெல்லு, மழை, ஏரி எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் பத்தி. பத்தாவது படிச்சவன் கல்விக் கொள்கை பேசலாமான்னு கேட்டா, பேசலாம். பேத்தியை எங்க சேர்க்கிறதுன்னு முடிவெடுக்க வேண்டியவன் பேசாம வேற யார் பேசுறது?

போன வைகாசியில காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கருடசேவைக்கு வெளியூர்ல இருக்கிற எங்க ஆளுங்க நிறையப் பேரு வந்திருந்தாங்க. ஐயம்பேட்டையில தறி போட்டிருந்த ஒரு குடும்பத்துப் பையன், இப்போ அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில இருக்கான், அவனும் வந்திருந்தான். டீக்கடையில உட்கார்ந்து பேசிட்டு இருந்தோம். என் பையன் பேத்தியை காஞ்சிபுரம் போற வழியில இருக்கிற ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில சேர்க்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன நேரம் அது. ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டா, சொர்ணவாரி நெல்லு மொத்தமும் வித்தாலும் பத்தாது. என் கவலையை அவன்கிட்ட சொன்னேன்.

"எங்க பிள்ளைங்க சார்ட்டர் ஸ்கூல்ல படிக்குது மாமா, ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. பணம் கவர்ன்மென்ட் கொடுக்குது, நடத்துறது வேற ஆளு"ன்னான்.

"அப்படின்னா நம்ம ஊரு உதவி பெறும் பள்ளிக்கூடம்தானேப்பா?"

அவன் கொஞ்சம் யோசிச்சான். "ஆமா மாமா, அதேதான். ஆனா அங்க சில வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குப் பாப்பாங்க. சரியா நடத்தலைன்னா அனுமதியை எடுத்துடுவாங்க."

அந்தக் கடைசி வரி என் மண்டையில ஏறி உட்கார்ந்துகிச்சு. வீட்டுக்கு வந்ததும் பையன் போன்ல தேடி, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு, கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன்.

அமெரிக்காவுல இதுக்கு முதல் சட்டம் போட்டது மின்னசோட்டா மாநிலம், 1991-ல. அடுத்த வருஷமே செயின்ட் பால் நகரத்துல முதல் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அதுக்கு முன்னாடியே, 1988-ல, ஆல்பர்ட் ஷேங்கர்னு ஒரு ஆசிரியர் சங்கத் தலைவர் இந்த யோசனையை ஊர் முழுக்கப் பேசியிருக்கார். வாத்தியாருங்க புதுசா ஏதாவது செஞ்சு பாக்க ஒரு இடம் வேணும்னு அவர் நினைச்சார். பிற்பாடு அது போன போக்கு பிடிக்காம அவரே எதிர்த்தார்னும் சொல்றாங்க.

நம்ம பாஷையில சொன்னா இது குத்தகை. நிலம் ஊருது, உழுறவன் வேற. பணம் வரிப்பணம், நடத்துறது ஒரு குழுவோ அறக்கட்டளையோ. ஃபீஸ் வாங்கக் கூடாது. இடத்துக்கு மேல விண்ணப்பம் வந்தா குலுக்கல் போட்டுத்தான் எடுக்கணும், நல்லாப் படிக்கிற பிள்ளையா பொறுக்க முடியாது. மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ ஒப்பந்தம். முடிஞ்சதும் பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்க, பணம் எங்க போச்சுன்னு பாத்துட்டுத்தான் புதுப்பிப்பாங்க. சார்ட்டர்ங்கிறதே அந்த ஒப்பந்தச் சீட்டுதான்.

நல்ல குத்தகைதான்னு தோணும். ஆனா விளைச்சல் எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு 2009-ல பாத்தப்போ, கணக்குப் பாடத்துல 17 சதவீத சார்ட்டர் பள்ளிங்கதான் பக்கத்துல இருக்கிற சாதாரண அரசுப் பள்ளியை விட நல்லா இருந்துச்சு. 37 சதவீதம் அதைவிட மோசம். மிச்சம் ரெண்டும் சமம். அதே குழு 2023-ல பாத்தப்போ சராசரியில சார்ட்டர் பிள்ளைங்க கொஞ்சம் முன்னால வந்திருந்தாங்க. ஆனா வீட்டுலருந்தே ஆன்லைன்ல நடத்துற சார்ட்டருங்க படு மோசம்னு அதுவே சொல்லுது. பெயர்ப்பலகை பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தராதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நகரத்துல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு அரசுப் பள்ளி, தனியார் பள்ளின்னு ரெண்டுதான் தெரியும். நடுவுல மூணாவது ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டுல 8 ஆயிரத்துக்கு மேல அரசு உதவி பெறும் பள்ளிங்க இருக்கு. வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். புத்தகம், சத்துணவு அரசாங்கம் கொடுக்கும். கட்டடமும் நிர்வாகமும் தனியாருது. வெள்ளைக்காரன் காலத்துல, 1854-ல வந்த உட்ஸ் அறிக்கை, தனியார் நடத்துற பள்ளிக்கு மானியம் கொடுங்கன்னு சொன்னதுலருந்து தொடங்கின ஏற்பாடு இது. மின்னசோட்டாக்காரன் 1991-ல கண்டுபிடிச்சதை நாம 130 வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சுட்டோம். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அவங்க தொடங்கின அதே நேரத்துல, 1991-92-ஓட, புதுப் பள்ளிகளுக்கு மானியம் கிடையாதுன்னு நம்ம அரசாங்கம் நிறுத்திடுச்சு.

இந்த ஏற்பாட்டை நான் மட்டமாப் பேச மாட்டேன். பச்சையப்ப முதலியார் 1794-ல இறந்தார். அவர் விட்டுட்டுப் போன சொத்துலருந்து 1842-ல சென்னையில பள்ளிக்கூடம் வந்துச்சு. அதே அறக்கட்டளை காஞ்சிபுரத்துல நடத்தின பள்ளிக்கூடத்துலதான் அறிஞர் அண்ணா படிச்சார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை முதலமைச்சர் ஆன கதையில ஒரு தனியார் அறப்பணிக்கும் பங்கு இருக்கு. யாரும் மறுக்க முடியாது.

நானும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்துலதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். பேர் வேண்டாம். ஒரு பெரியவர் தன் சொந்த நிலத்துல ஓட்டுக் கட்டடம் கட்டித் தொடங்கினது. நான் படிக்கிறப்போ ஒவ்வொரு வகுப்புலயும் இடம் பத்தாம தரையில நெருக்கி உட்காருவோம். அந்தக் காலத்துல கோர்வைச் சேலை நெய்ய ரெண்டு பேர் வேணும். உடல் நெய்யுறவர் ஒருத்தர், கரைக்கு நாடா தள்ள ஒருத்தர். அந்த ரெண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை பள்ளிக்கூடம் போனா தறி நிக்கும். அந்தப் பெரியவர் காலையில சைக்கிள்ல தெருத் தெருவாப் போவார். தறிக்குழி பக்கத்துல நின்னு, "பையனை அனுப்பு, சாயந்திரம் நாடா தள்ளட்டும்"னு சண்டை போட்டுக் கூட்டிட்டு வருவார். அப்படி வந்த பையன்தான் என் பக்கத்துல உட்கார்ந்தவன். பிற்பாடு தபால் ஆபீஸ் வேலைக்குப் போனான்.

இப்போ அந்தப் பள்ளிக்கூடத்துல 17 பிள்ளைங்க. பெரியவர் போயிட்டார், மகனும் போயிட்டார். பேரன் கரஸ்பாண்டென்ட், சென்னையில இருக்கார். சுதந்திர தினத்துக்கு வருவார், அதுவும் சில வருஷம் இல்லை. ஓடு உடைஞ்சு மழை நாள்ல ஒரு வகுப்பு முழுக்க ஒழுகும். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் நாலு பெத்தவங்களும் அவரைப் போய்ப் பாத்தோம். மரியாதையாத்தான் பேசினார். "பராமரிப்புக்குப் பணம் எங்கங்க இருக்கு"ன்னார். "அப்போ ஊரே சேர்ந்து செய்யறோம், வரவு செலவைக் காட்டுங்க"ன்னோம். "அது நிர்வாக விஷயம், நீங்க கேக்க முடியாது"ன்னார். அவ்வளவுதான். திரும்பி வந்துட்டோம்.

இதுல எனக்குக் கோபத்தை விட அதிர்ச்சியாப் போனது, அவர் சொன்னது ஏறக்குறைய சட்டப்படி சரிங்கிறதுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல வந்து, 2010 ஏப்ரல் 1-லருந்து நடைமுறையில இருக்கு. அதுல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு உண்டு. உறுப்பினர்கள்ல முக்கால்வாசி பெத்தவங்க, மொத்தத்துல பாதி பெண்கள். அரசுப் பள்ளியில இந்தக் குழுவுக்குத் திட்டம் போட, செலவைப் பாக்க, கேள்வி கேக்க அதிகாரம் உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு? 2012-ல ஒரு திருத்தம் கொண்டுவந்து, அங்க இந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம்னு எழுதிட்டாங்க. முழுக்கத் தனியார் பள்ளிக்கு இந்தக் குழுவே தேவையில்லை.

நான் மூணு வகைப் பள்ளியையும் பிரிச்சுப் பாக்கிறது இந்தக் கோட்டை வெச்சுத்தான். அரசுப் பள்ளியில பெத்தவங்க கேக்கலாம். உதவி பெறும் பள்ளியில சொல்லிப் பாக்கலாம். தனியார் பள்ளியில பணம் கட்டலாம், பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போகலாம்.

குத்தகைன்னு சொன்னேன் இல்லையா? எங்க ஊர்ல நிலத்தைக் குத்தகைக்கு விடுறவன் மூணு விஷயம் பேசாம விட மாட்டான். எத்தனை வருஷம், போகத்துக்கு எத்தனை மூட்டை, தரிசாப் போட்டா என்ன. உதவி பெறும் பள்ளிக்கு அரசாங்கம் மாசாமாசம் சம்பளம் கொடுக்குது, ஆனா இந்த மூணுல எதுக்கும் பெத்தவங்க கையில சீட்டு இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வருவார், வருகைப் பதிவேட்டைப் பாப்பார், போவார். தாத்தா நல்லா உழுதார்ங்கிறதுக்காகப் பேரன் கிட்டயும் நிலம் அப்படியே இருக்கு. அமெரிக்காக்காரன் கிட்ட நாம கத்துக்க வேண்டியது தனியார்கிட்ட கொடுக்கிறதை இல்லை. அதுல நாமதான் மூத்தவங்க. கொடுத்ததுக்கு அப்புறம் கணக்குக் கேக்கிறதைக் கத்துக்கணும்.

கணக்கு இல்லாததால யாருக்கு நஷ்டம்? பிள்ளைக்குத்தான். அதுவும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளை ரெண்டு பக்கமும் அடி வாங்குது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்குச்சு. 2023 ஆகஸ்டுல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போச்சு. கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கு 2024 ஜூலையிலதான் வந்துச்சு, நகரத்து உதவி பெறும் பள்ளிக்கு 2025 ஆகஸ்டு. ஒரே தெரு, ஒரே கூலி நெசவு வீடு. அக்காள் பிள்ளை பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுட்டுப் பாடம் படிச்சுது, தங்கச்சி பிள்ளை அதுவரைக்கும் வெறும் வயித்தோட உட்கார்ந்துச்சு. காரணம் நுழைஞ்ச கேட்டு வேற. கல்லூரி போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான். 2022-ல அரசுப் பள்ளிக்கு, உதவி பெறும் பள்ளியில தமிழ் வழி படிச்ச பொண்ணுங்களுக்கு 2024 டிசம்பர்ல. மருத்துவப் படிப்புக்கு 2020-ல கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இன்னைக்கும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. பெத்தவங்க ஏழையான்னு பாக்கணும், பள்ளிக்கூடம் யாருதுன்னு பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லுவேன்.

"அப்போ தனியார்லயே அரசாங்கம் சீட்டு வாங்கித் தருதே, அது போதாதா?"ன்னு கேப்பீங்க. கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளி 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும், ஃபீஸை அரசாங்கம் கட்டும். 2012-ல உச்ச நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு. நல்ல எண்ணம்தான். எங்க தெருவுல ஒரு நெசவாளர் வீட்டுப் பொண்ணுக்கு எல்.கே.ஜி.யிலயே இப்படி இடம் கிடைச்சப்போ தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாங்க. யூனிஃபார்ம், வேன், ஆண்டு விழான்னு வருஷா வருஷம் தனிச் செலவு. அதைக்கூடச் சமாளிச்சாங்க. ஆனா இந்தச் சலுகை எட்டாவதோட முடிஞ்சுடும். ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸ் கட்டுன்னுச்சு பள்ளிக்கூடம். பத்து வருஷம் பழகின இடத்துலருந்து பொதுத்தேர்வுக்கு முந்தின வருஷம் பிள்ளையைப் பிடுங்கி வேற இடத்துல நட மனசு வருமா? மாஸ்டர் வீவர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிக் கட்டினாங்க. அந்த அட்வான்ஸ் இன்னும் கழியலை. நாத்தைப் பிடுங்கி நட ஒரு நாள் கணக்கு இருக்கு. அது தாண்டினா வேர் பிடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும், சட்டம் எழுதினவங்களுக்குத் தெரியலை.

2025-ல இன்னொண்ணும் பாத்தோம். மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வெச்ச தகராறுல இந்தச் சேர்க்கை வழக்கமான காலத்துல நடக்கலை. அக்டோபர்லதான் தொடங்குச்சு. ஜூன்ல திறந்த பள்ளிக்கு அக்டோபர்ல சீட்டு! டெல்லிக்கும் சென்னைக்கும் சண்டைன்னா அடுத்தவன் பள்ளியில வாங்கின சீட்டு ஆடும். ஊர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துக் கதவு ஜூன்ல திறந்துதான் இருந்துச்சு.

நான் சொல்றதுல ஓட்டை இருக்குன்னு தெரியும். அரசுப் பள்ளி மட்டும் ஒழுங்கான்னு என் பையனே கேட்டான். வாத்தியார் பத்தாத அரசுப் பள்ளி, கழிப்பறையில தண்ணி வராத அரசுப் பள்ளி நிறைய இருக்கு. ஒத்துக்கிறேன். உதவி பெறும் பள்ளியிலயும் உயிரைக் கொடுத்து உழைக்கிற தலைமை ஆசிரியருங்க இருக்காங்க. சிறுபான்மையினர் பள்ளிக்கு அரசியல் சட்டமே தனி உரிமை கொடுத்திருக்கு, அதுல கை வைக்கணும்னு நான் சொல்லலை. இன்னொரு பயமும் நியாயம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குப் பாக்கிறேன்னு சொல்லி, பிள்ளை குறைவுன்னு சின்னப் பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடிட்டா? அமெரிக்காவுல சார்ட்டர் பள்ளிங்க நடுவுலயே மூடி, பிள்ளைங்க அலைஞ்ச கதையெல்லாம் இருக்கு.

அதனால என் கணக்கு இப்படி. உதவி வாங்குற நிர்வாகம் அஞ்சு வருஷ ஒப்பந்தம் போடட்டும். மூணாவது படிக்கிற பிள்ளை தமிழ் எழுத்துக்கூட்டாம வாசிக்குதா, கட்டடம் ஒழுகுதா, காலிப் பணியிடம் நிரம்புச்சா, இந்த மூணையும் ஊர் முன்னாடி வாசிக்கட்டும். வாத்தியார் வேலைக்கு விலை பேசுறாங்கன்னு ஊரெல்லாம் ஒரு பேச்சு இருக்கே, அது ஓய அந்த நியமனம் பொதுத் தேர்வு மூலமா நடக்கட்டும். பெத்தவங்க குழுவுக்கு ஆலோசனை மட்டும் போதாது, வரவு செலவு பாக்கிற உரிமை வேணும். நிர்வாகம் நடத்த முடியலைன்னா பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது, அரசாங்கம் எடுத்து நடத்தணும். உழ முடியாதவன் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், அதுக்காக நிலத்தைப் பிளாட் போடாதீங்க. எங்க வாலாஜாபாத் ரோட்டுல இப்போ சென்ட் என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியும்.

இதே அளவுகோல்தான் புதுசா வர்ற திட்டத்துக்கும். 2024 டிசம்பர் கடைசியில 500 அரசுப் பள்ளிகளுக்குத் தனியார் பள்ளிங்க உதவப் போகுதுன்னு செய்தி வந்து, 'தத்து'ன்னும் 'தாரை வார்ப்பு'ன்னும் பெரிய சண்டை ஆச்சு. தத்தெல்லாம் இல்லை, சமூகப் பொறுப்பு நிதியில உதவிதான்னு அமைச்சர் விளக்கம் சொன்னார். பெஞ்சு கொடுக்கிறவங்க கொடுக்கட்டும், கும்பிட்டு வாங்கிக்கலாம். ஆனா பெஞ்சு கொடுத்தவர் நாளைக்கு நிர்வாகத்துல உட்கார்ந்தா, அவர்கிட்ட யார் கேள்வி கேக்கிறதுன்னு முதல் நாளே எழுதி வாங்கணும். எங்க பள்ளிக்கூடத்துல அது எழுதலை. அதான் இன்னைக்கு ஒழுகுது.

கடைசியா பேத்தி விஷயம். நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சேர்க்க மனசு இருந்தும் முடியலை. பையன் சொன்ன பள்ளிக்குப் பணம் இல்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில சேர்த்தோம். மருமகள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகுது. முதல் கூட்டத்துல வாயே திறக்கலையாம். மூணாவது கூட்டத்துல கழிப்பறைத் தண்ணித் தொட்டியைப் பத்திக் கேட்டுருக்கு. தீர்மானம் போட்டு, ஊராட்சிக்கு நடையா நடந்து, ரெண்டு மாசம் கழிச்சு பைப்பு மாத்தினாங்க. பெரிய சாதனை இல்லை. ஆனா கேட்டு நடந்துச்சு. இங்கிலீஷ் வரலைன்னு பையன் இன்னும் முணுமுணுக்கிறான். அவன் பயம் பொய்யில்லை. நாளைக்கு ஏதாவது தப்பாப் போனா என்னைத்தான் கேப்பாங்க, தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீங்க. உங்கள்ல பல பேரு நான் படிச்ச மாதிரி ஒரு உதவி பெறும் பள்ளிக்கூடத்துல தொடங்கினவங்கதான். நோட்டுப் புத்தகம், பேனா வாங்கிக் கொடுத்து போட்டோ எடுக்கிறதோட நிறுத்தாதீங்க. உள்ள போங்க. எத்தனை பிள்ளைங்க, எத்தனை வாத்தியார் இடம் காலி, பெத்தவங்க குழு கடைசியா எப்போ கூடுச்சு, இந்த மூணையும் கேளுங்க. எங்களை "நிர்வாக விஷயம்"னு திருப்பி அனுப்பின மாதிரி உங்களை அனுப்ப முடியாது. நீங்க சட்டை இன் பண்ணியிருப்பீங்க, இங்கிலீஷ் பேசுவீங்க. அது தப்புதான், ஆனா நிஜம். அந்த நிஜத்தை அந்த 17 பிள்ளைங்களுக்காக ஒரு தடவை பயன்படுத்துங்க.

மடையைத் திருப்பி விட்டுட்டு வந்து உட்கார்ந்தது. இந்நேரம் கடைசிக் கழனி நிறைஞ்சிருக்கும். வரேன்.